மூன்று நொடி, மூன்று முறை: 1972 மியூனிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் விதி எங்கே நின்றது?

2024 ஆகஸ்ட் 11 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டம் 67–66 என்று முடிந்தது. பிரான்சின் கேபி வில்லியம்ஸ் கடைசி நொடியில் எறிந்த பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் இறங்கியது. அவருடைய கால் மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்ததால் அந்த எறிதலுக்கு இரண்டு புள்ளிகளே கிடைத்தன. மூன்று கிடைத்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். ஒரே ஒரு புள்ளியில் தங்கம் அமெரிக்காவுக்குப் போயும் அரங்கில் எவரும் முடிவை எதிர்த்து மனுக் கொடுக்கவில்லை.

இதேபோல ஒரு புள்ளியில் முடிந்த இன்னொரு ஒலிம்பிக் இறுதியாட்டத்தைப் பற்றிய சண்டை மட்டும் அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. 1972 மியூனிக்கில் ஆண்கள் இறுதியாட்டத்தில் சோவியத் ஒன்றியம் 51–50 என்ற கணக்கில் அமெரிக்காவை வென்றது. அந்த ஆட்டத்தின் கடைசி மூன்று நொடிகள் மூன்று முறை ஆடப்பட்டன. காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ கூடைப்பந்து ஆடும் ஒரு மாணவர் அந்தப் பழைய காட்சியைக் கைப்பேசியில் பார்த்தால் குழம்பித்தான் போவார். ஒரு முறை ஆட்டம் நிற்கிறது. ஒரு முறை ஹாரன் ஒலித்து அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். பிறகு மறுபடி பந்து எறியப்பட்டு அவர்கள் தோற்றுவிடுகிறார்கள். முடிந்த ஆட்டத்தை யார், எந்த விதியின்படி, எப்படித் திரும்ப ஆட வைத்தார்கள்?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவிடமிருந்து தங்கம் பறிக்கப்பட்டது என்பது ஒன்று. கடிகாரத்தில் நேர்ந்த பிழை திருத்தப்பட்டது, அவ்வளவுதான் என்பது மற்றொன்று. வெவ்வேறான மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிவைப்பதால்தான் இரண்டு தரப்புக்கும் பாதி நியாயம் கிடைத்துவிடுகிறது. அவற்றைப் பிரித்துவிட்டால் விடைகளும் தனித்தனியாகப் பிரிகின்றன.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

கூடைப்பந்தில் நேரம் தொடர்ந்து ஓடுவதில்லை. நடுவர் விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும்; பந்து மறுபடி ஆட்டத்துக்குள் வந்ததும் ஓடும். எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் வீரர் பந்தை எறிந்த கணத்தில் கடிகாரம் தொடங்குவதில்லை. களத்துக்குள் இருக்கும் ஒரு வீரரின் கை அந்தப் பந்தைத் தொடும்போதுதான் தொடங்குகிறது. முழுக் களத்தையும் தாண்டிப் பறக்கும் பந்து காற்றில் இருக்கும்வரை நேரம் செலவாவதே இல்லை என்பதால், மூன்று நொடி என்பது கேட்பதற்குத்தான் குறைவு.

‘உயிருள்ள பந்து’, ‘உயிரற்ற பந்து’ என்ற பிரிவையும் புரிந்துகொள்ள வேண்டும். பந்து உயிருடன் இருக்கும்போது ஆட்டம் நடக்கிறது. அப்போது டைம் அவுட் (அணி கேட்டுப் பெறும் சிறு இடைவேளை) தர முடியாது, ஆளை மாற்றவும் முடியாது. எந்தக் கணத்தில் பந்து உயிரிழக்கிறது, எந்தக் கணத்தில் மறுபடி உயிர்பெறுகிறது என்பதை விதிப்புத்தகம்தான் தீர்மானிக்கிறது. மியூனிக் தகராறின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது.

களத்தின் பக்கவாட்டில் ஒரு மேசை போடப்பட்டிருக்கும். புள்ளிகளைப் பதியும் ஸ்கோரர், கடிகாரத்தை இயக்கும் டைமர் ஆகியோர் அங்கே அமர்ந்திருப்பார்கள். இவர்களுக்கு மேசை அலுவலர்கள் என்று பெயர். அவர்களிடம் ஹாரன் இருக்கும். விசில் நடுவரிடம் மட்டுமே. காலம் முடிந்ததை அறிவிக்கும் ஹாரன் ஆட்டத்தை நிறுத்தும். ஆனால் நடுவரின் கவனத்தை அழைக்க ஸ்கோரர் ஒலிக்கும் ஹாரன் எதையும் நிறுத்துவதில்லை. ஒரே மேசையிலிருந்து வரும் இரண்டு ஓசைகளுக்கு இரண்டு பொருள் இருப்பது, சத்தம் நிறைந்த அரங்கில் பெரிய ஆபத்துதான்.

ஆட்டம் அந்த இடத்துக்கு வந்த விதம்

1936இல் பெர்லினில் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதிலிருந்து மியூனிக் இறுதியாட்டம் வரை அமெரிக்க ஆண்கள் அணி ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை: தொடர்ச்சியாக 63 வெற்றிகள், 7 தங்கங்கள். தொழில்முறை வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆட அப்போது அனுமதி இல்லாததால், அமெரிக்கா ஒவ்வொரு முறையும் கல்லூரி மாணவர்களை மையமாகக் கொண்ட புதிய அணியை அனுப்பியது. சோவியத் வீரர்களோ பல ஆண்டுகள் சேர்ந்தே ஆடியவர்கள். 1952 முதல் 1964 வரை நான்கு முறை அமெரிக்காவிடம் தோற்று வெள்ளியோடு திரும்பிய அணி அது.

மியூனிக் விளையாட்டு விழாவே அப்போது துக்கத்தில் இருந்தது. செப்டம்பர் 5 அன்று தொடங்கிய பணயக் கைதிச் சம்பவத்தில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டிருந்தனர். இறுதியாட்டம் செப்டம்பர் 9 சனிக்கிழமை இரவு 11.45 மணிக்குத் தொடங்கியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வசதிக்காக வைக்கப்பட்ட நேரம் அது. இந்திய நேரப்படி ஞாயிறு அதிகாலை 4.15 மணி. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் அன்று ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தன. அங்கே இதை நேரலையில் பார்த்திருக்க வழியே இல்லை; சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975இல்தான். போதாததற்கு, இந்தியர்களின் கவனமெல்லாம் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியின் மேல் இருந்தது. இந்த ஆட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த செய்திகள் பெரும்பாலும் பின்னாளில், ஒரு பக்கத்தின் குரலில் வந்து சேர்ந்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஹாங்க் ஐபா நிதானமான, தற்காப்பை நம்பும் ஆட்டத்தை விரும்பியவர். அந்த வேகம் சோவியத் அணிக்கே பொருந்தியது. இடைவேளையில் 26–21 என்று முன்னிலை வகித்த சோவியத் அணி, பத்து நிமிடம் மீதமிருந்தபோது அந்த இடைவெளியைப் பத்துப் புள்ளிகளாக்கியிருந்தது. அதன் பிறகுதான் அமெரிக்கர்கள் களம் முழுவதும் விரட்டிப் பிடித்து ஆடத் தொடங்கி, 49–48 வரை நெருங்கினார்கள்.

பத்து நொடிக்கும் குறைவாக இருந்தபோது, பந்து சோவியத் கையில் இருந்தது. அலெக்சாண்டர் பெலோவ் அவசரப்பட்டுக் கொடுத்த பந்தை அமெரிக்காவின் டக் காலின்ஸ் இடையில் புகுந்து பறித்து, எதிர்ப்பக்க வளையத்தை நோக்கி ஓடினார். அவர் எம்பியபோது சுராப் சகாந்தெலித்ஸே அவரை இடித்துக் கீழே தள்ள, காலின்ஸ் கூடைக்கம்பத்தின் அடியில் போய் மோதி விழுந்தார். மூன்று நொடி மீதம். இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்தை நோக்கி எறியும் வாய்ப்பு. தலைசுற்றலோடு எழுந்து வந்து இரண்டையும் போட்டார். அமெரிக்கா 50, சோவியத் 49. அந்த ஆட்டத்திலேயே அமெரிக்கா முன்னிலை பெற்றது அப்போதுதான்.

மூன்று நொடிகளில் நடந்தவை, வரிசையாக

1. காலின்ஸ் இரண்டாவது ஃப்ரீ த்ரோவை எறியும் தருணத்தில் மேசையிலிருந்து ஹாரன் ஒலித்தது. அவர் நிறுத்தாமல் எறிந்தார். பந்து உள்ளே விழுந்தது. அடுத்து சோவியத் வீரர்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய, செர்கேய் பெலோவ் அதை வாங்கி நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்தார். அதற்குள் சோவியத் பயிற்சியாளர்கள் மேசைக்கு ஓடி, தாங்கள் கேட்ட டைம் அவுட் தரப்படவில்லை என்று கூச்சலிட்டார்கள். அந்தக் களேபரத்தைப் பார்த்து, பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத்தை நிறுத்தினார். கடிகாரத்தில் ஒரு நொடி மீதமிருந்தது.

2. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் பொதுச் செயலாளர் ரெனாட்டோ வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தார். மூன்று விரல்களைக் காட்டி, மூன்று நொடியிலிருந்து ஆட வேண்டும் என்றார். டைம் அவுட் தரப்படவில்லை. ஆனால் இந்தக் குழப்ப இடைவெளியில் சோவியத் அணி இவான் எதெஷ்கோவைக் களத்தில் இறக்கிவிட்டது. கடிகாரத்தை மூன்று நொடிக்குத் திருப்பும் வேலை முடிவதற்கு முன்பே நடுவர்கள் பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். பலகையில் அப்போது தெரிந்தது 50 நொடி. பந்து உள்ளே வந்து ஒரு நொடி ஆகும்போது, கடிகாரம் தயாராகவில்லை என்பதற்காக மேசையில் ஹாரன் ஒலித்தார்கள். நீண்ட தூரம் எறியப்பட்ட பந்து வளையத்துக்குள் போகவில்லை. ஆட்டம் முடிந்தது என்று எண்ணிப் பார்வையாளர்கள் களத்துக்குள் ஓடிவந்தார்கள், அமெரிக்கர்கள் கொண்டாடினார்கள்.

3. களம் மறுபடி காலி செய்யப்பட்டது. கடிகாரம் மூன்று நொடியில் சரியாக நிறுத்தப்பட்டது. எதெஷ்கோவின் முன்னால் நின்று மறித்துக்கொண்டிருந்த உயரமான டாம் மெக்மிலன், பல்கேரிய நடுவர் ஆர்த்தெனிக் அரபாஜியன் சைகை காட்டியதும் பின்வாங்கினார். அந்தச் சைகைக்கு என்ன பொருள் என்பதில் இருவரும் பின்னாளில் முரண்பட்டார்கள். தடையின்றி எதெஷ்கோ எறிந்த பந்து களத்தின் மறுமுனையில் அலெக்சாண்டர் பெலோவின் கைக்குப் போனது. அவரோடு எம்பிய கெவின் ஜாய்ஸ், ஜிம் ஃபோர்ப்ஸ் இருவரும் நிலைதடுமாறி விலக, பெலோவ் பந்தை நிதானமாக வளையத்தில் வைத்தார். சற்று முன் பந்தைப் பறிகொடுத்து ஆட்டத்தையே கைநழுவவிட இருந்தவரும் இவரேதான்.

கேள்வி ஒன்று: டைம் அவுட் கிடைத்திருக்க வேண்டுமா?

அன்றைய விதியின்படி ஒரு பயிற்சியாளர் ஃப்ரீ த்ரோ நேரத்தில் டைம் அவுட் கேட்டால், முதல் எறிதலுக்கு முன்போ, இரண்டு எறிதல்களுக்கு நடுவிலோ அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது எறிதல் உள்ளே விழுந்துவிட்டால் பந்து உடனே உயிர்பெற்றுவிடும். அதன் பிறகு கிடையாது. சோவியத் பயிற்சியாளர் விளாடிமிர் கொண்ட்ராஷின் தரப்பின் விளக்கம் இது: ஃபவுல் நடந்த உடனே பொத்தானை அழுத்திக் கேட்டுவிட்டோம், முதல் எறிதலுக்கு முன் வேண்டாம், நடுவில் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னோம், அதை மேசையில் இருந்தவர்கள் கோரிக்கையையே கைவிட்டதாகப் புரிந்துகொண்டார்கள். அமெரிக்கத் தரப்போ, உரிய நேரத்தில் கோரிக்கையே வரவில்லை என்றது.

இரண்டாவது எறிதலின்போது ஹாரன் ஒலித்தது இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்தி. மேசையில் ஏதோ ஒரு கோரிக்கை நிலுவையில் இருந்ததற்கு அதுவே சான்று என்று நான் கருதுகிறேன். காரணமின்றி எந்த மேசையும் அந்த நேரத்தில் ஹாரனைத் தொடாது. ஆயினும் அது தாமதமாக ஒலித்த ஹாரன். நடுவர் விசில் ஊதவில்லை, பந்து எறியப்பட்டுவிட்டது, உள்ளே விழுந்து உயிரும் பெற்றுவிட்டது. ஆகவே கோரிக்கை உண்மையாகவே இருந்திருக்கலாம் என்றாலும், விதியின் கண்ணில் அதற்கான நேரம் கடந்திருந்தது. மேசையின் தவறுக்கு அணி பலியாகலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குத் திட்டவட்டமான பரிகாரம் எழுதப்பட்டிருக்கவில்லை.

கேள்வி இரண்டு: எத்தனை நொடி?

மூன்று நொடிக்கு முதல் முறை திருப்பியது, இரண்டாம் முறை திருப்பியது ஆகிய இரண்டையும் ஒரே தவறாகவோ ஒரே திருத்தமாகவோ பார்ப்பதுதான் வழக்கம். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

இரண்டாம் திருத்தத்தை ஏற்பது எளிது. மூன்று நொடி ஆட வேண்டும் என்று முடிவான பின், கடிகாரத்தில் 50 நொடி காட்டிக்கொண்டிருக்கும்போது தொடங்கிய ஆட்டம் செல்லாது. அன்று ஒலித்த ஹாரன் ஆட்டத்தின் முடிவை அறிவிக்கவில்லை, தவறைச் சுட்டிக்காட்டவே ஒலித்தது. எனவே அமெரிக்கர்கள் கொண்டாடிய அந்த ‘வெற்றி’ உண்மையில் ஆட்டத்தின் எந்த முடிவும் அல்ல. காட்சியைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டம்தான் பெரிய அநியாயமாகத் தோன்றும். விதிக் கணக்கில் மிகக் குறைந்த தகராறு உள்ள கட்டமும் இதுவே.

தகராறு முழுவதும் முதல் திருத்தத்தில் இருக்கிறது. ஒரு நொடி மீதமிருந்தபோது ஆட்டம் நின்றது. நிறுத்தியதற்குக் காரணம் சோவியத் தரப்பின் கூச்சல். டைம் அவுட் கோரிக்கை செல்லும் என்று எடுத்துக்கொண்டால் மூன்று நொடிக்குப் போவதோடு டைம் அவுட்டையும் தர வேண்டும். செல்லாது என்றால் மிச்சமிருந்த ஒரு நொடியிலிருந்துதான் தொடர வேண்டும். நடந்ததோ இரண்டுக்கும் நடுவே ஒன்று: டைம் அவுட் இல்லை, நேரம் மட்டும் திரும்பக் கிடைத்தது, ஆள் மாற்றமும் நடந்தது. எந்த விதியையும் முழுமையாகப் பின்பற்றாத சமரசம் அது. டைம் அவுட் தரப்படாத இடத்தில் எதெஷ்கோ களத்துக்குள் வந்தது எப்படி என்று அமெரிக்கர்கள் கேட்டதற்கு நேரடியான பதில் இன்றுவரை இல்லை. கடைசிப் பந்தை எறிந்தவரும் அவர்தான் என்பதால் அந்தக் கேள்வியைச் சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி மூன்று: யார் சொல்லலாம்?

ஆட்டம் நடக்கும்போது களத்தில் அதிகாரம் நடுவர்களுடையது. மேசை அலுவலர்கள் அவர்களுக்கு உதவியாளர்கள். கூட்டமைப்பின் பொதுச் செயலாளருக்கு, அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமையை எந்த விதியும் தரவில்லை.

ஜோன்ஸ் சாதாரண அதிகாரி அல்லர் என்பதால்தான் அவர் சொல் எடுபட்டது. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர் அவர். 1932இல் ஜெனீவாவில் ஃபிபாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். தொடக்கம் முதல் 1976 வரை அதன் பொதுச் செயலாளர். கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெறப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். (ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஆட்டத்தை உலகெங்கும் கொண்டுபோன ஒய்.எம்.சி.ஏ. இயக்கம்தான் நம் பக்கமும் அதைக் கொண்டுவந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி அந்த வரிசையில் வருவது.) அப்படிப்பட்ட ஒருவர் மேசைக்கு வந்து விரலைக் காட்டும்போது எதிர்த்து நிற்பது எளிதல்ல. அவர் நேர்மையாகவே ஒரு பிழையைத் திருத்த நினைத்திருக்கலாம். ஆனால் அதிகாரம் இல்லாதவர் சொன்ன சரியான தீர்ப்பும் தகராறாகத்தான் முடியும். அவருடைய தீர்ப்போ சரியானதா என்பதே சந்தேகம்.

மூன்று விடைகளையும் சேர்த்தால் என் கணிப்பு இதுதான்: கோரிக்கை இருந்திருக்கலாம், காலம் கடந்தது, இரண்டாம் முறை கடிகாரத்தைத் திருப்பியது சரி, முதல் முறை திருப்பியதற்கு உறுதியான அடிப்படை இல்லை, அதைச் செய்யச் சொன்னவருக்கு அதிகாரமே இல்லை. சோவியத் வீரர்கள் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆடச் சொன்னார்கள், ஆடினார்கள். ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவர்களே சிறப்பாகவும் ஆடினார்கள். செர்கேய் பெலோவ் மட்டும் 20 புள்ளிகள் எடுத்திருந்தார்.

மேல்முறையீடும் வாங்கப்படாத வெள்ளியும்

ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்கா முறையீடு செய்தது. ஹங்கேரி, போலந்து, கியூபா, இத்தாலி, போர்ட்டோ ரிக்கோ ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஐவர் கொண்ட குழு, மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. முதல் மூன்று நாடுகளும் சோவியத் ஒன்றியத்தின் அரசியல் முகாமில் இருந்தவை என்பதால், வாக்கு அரசியல் கோட்டின்படியே பிரிந்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. அமெரிக்க வீரர்கள் பதக்க மேடைக்குப் போகவில்லை. அணித் தலைவர் கென்னி டேவிஸ், தன் மனைவியும் பிள்ளைகளும் அந்த வெள்ளிப் பதக்கத்தை ஒருநாளும் பெற்றுக்கொள்ளக் கூடாது என்று உயிலிலேயே எழுதிவைத்தார். அலெக்சாண்டர் பெலோவ் 1978இல், 26 வயதில் நோயால் இறந்துபோனார்.

இன்றைய விதியில் அதே ஆட்டம்

விதிப்புத்தகம் அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது. எல்லா மாற்றங்களும் மியூனிக்கால் வந்தவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மூன்று நொடிகளை இன்றைய ஃபிபா விதிக்குள் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு ஓட்டையும் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகிறது.

முதலில் ஃபவுல். வளையத்துக்கும் தனக்கும் இடையே எதிரணியினர் எவரும் இல்லாமல் ஓடுபவரைப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ விதிமீறி இடித்தால், இன்று அது விளையாட்டுப் பண்புக்கு மாறான ஃபவுல் என்று அறிவிக்கப்பட வாய்ப்பு அதிகம். அதற்குத் தண்டனை இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டுமல்ல; பந்தும் அதே அணிக்கே திரும்பும். சகாந்தெலித்ஸே செய்ததை இன்றைய நடுவர் அப்படிக் கண்டிருந்தால், 50–49 என்ற கணக்கில் பந்தும் அமெரிக்கர் கையில் இருந்திருக்கும். பிறகு எதெஷ்கோவுக்கு எறிய எதுவும் இருந்திருக்காது.

அதைச் சாதாரண ஃபவுல் என்றே வைத்துக்கொண்டால், அடுத்த மாற்றம் சோவியத் பக்கம் சாய்கிறது. டைம் அவுட் விதி இன்று ஏறக்குறைய தலைகீழ். முதல் ஃப்ரீ த்ரோவுக்காகப் பந்து வீரரின் கைக்கு வந்துவிட்டால் டைம் அவுட் வாய்ப்பு மூடிவிடும். இரண்டு எறிதல்களுக்கு நடுவே கிடைக்காது. கடைசி எறிதல் உள்ளே விழுந்ததும் பந்து உயிரற்றதாகிறது. அப்போது இரு அணிகளுக்கும் வாய்ப்பு மறுபடி திறக்கிறது. கொண்ட்ராஷின் எந்த இடத்தில் டைம் அவுட் இல்லாமல் தவித்தாரோ அதே இடத்தில் இன்று தாராளமாகக் கிடைக்கும். கோரும் முறையும் கறாராகிவிட்டது: பயிற்சியாளரோ முதல் உதவிப் பயிற்சியாளரோ ஸ்கோரரின் பார்வையைப் பிடித்தோ மேசைக்கு நேரில் போயோ கைச்சைகையோடு தெளிவாகக் கேட்க வேண்டும், கேட்டதை வேண்டாம் என்று சொல்வதானால், அதற்கான ஹாரன் ஒலிக்கும் முன்பே சொல்ல வேண்டும். ‘கேட்டேன், பிறகு தருமாறு சொன்னேன், நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்ற வகைத் தகராறுக்கு இதில் இடம் மிகக் குறைவு.

டைம் அவுட் எடுத்திருந்தால் இன்னொரு பெரிய அனுகூலமும் கிடைத்திருக்கும். நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில், தன் வளையம் இருக்கும் பின்களத்திலிருந்து பந்தை எறிய வேண்டிய அணி டைம் அவுட் எடுத்தால், எதிரணி வளையம் இருக்கும் முன்களத்துக்குப் போய் அங்கே பக்கவாட்டில் உள்ள எறிதல் கோட்டிலிருந்து பந்தை உள்ளே அனுப்பலாம். களம் முழுவதும் தாண்டும் அந்தப் புகழ்பெற்ற எறிதலுக்குத் தேவையே இருந்திருக்காது. ஆட்டத்தின் மிக அழகான பந்தெறிதல்களில் ஒன்று பழைய விதியின் கண்டிப்பால் பிறந்தது என்பது ஒரு வேடிக்கை.

கடிகாரத்தைப் பொறுத்தவரை, கடைசி நிமிடத்தில் நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை பலகையில் தெரிகிறது. 0.3 நொடி இருந்தால் பந்தைப் பிடித்து எறியலாம், 0.2 அல்லது 0.1 நொடி மட்டுமே இருந்தால் தட்டிவிடலாம் அல்லது நேராக வளையத்துக்குள் திணிக்கலாம், பிடித்து எறிந்தால் செல்லாது. நேரம் முடிந்ததும் வளையத்தின் பின்னுள்ள பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிகிறது. பெரிய போட்டிகளில் காணொளி மறுபார்வையும் உண்டு. பாரிஸில் கேபி வில்லியம்ஸின் கால் எங்கே இருந்தது, பந்து கையை விட்டு எப்போது போனது என்ற இரண்டையும் உலகமே தெளிவாகப் பார்த்தது. தகராறு எழாததற்கு வீராங்கனைகளின் பெருந்தன்மை ஒரு காரணம் என்றாலும், தகராறு செய்ய எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை என்பதே பெரிய காரணம்.

அதிகாரம் பற்றிய கேள்விக்கும் விதி விடை வைத்திருக்கிறது. மேசையில் ஆணையர் ஒருவர் அமர்ந்திருந்தால் அவருடைய வேலை மேசை அலுவலர்களை மேற்பார்வையிடுவதும் நடுவர்களுக்கு உதவுவதும்தான். நேரக் கணக்கிலோ புள்ளிக் கணக்கிலோ பிழை இருந்தால், முதன்மை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திடும்வரை நடுவர்களே அதைத் திருத்தலாம். அவர் கையெழுத்திட்டதும் ஆட்டத்தோடு அவர்களுக்குள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது.

நம் மாவட்டத் திடல்களில் இதன் பயன்

சிவப்பு விளக்கும் காணொளியும் இருக்கும் அரங்குகளைப் பற்றியே இதுவரை பேசினோம். பள்ளிகளின் குறுவட்டப் போட்டியில் நிலைமை வேறு. திறந்தவெளித் திடல், ஒரு மேசை, ஒரு ஸ்டாப்வாட்ச், கையால் எழுதும் ஸ்கோர் ஷீட், மேசையில் வேறு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அல்லது மூத்த மாணவர். கருவிகளின் கணக்கில் இது 2024ஆம் ஆண்டு பாரிஸைவிட 1972ஆம் ஆண்டு மியூனிக்குக்கே நெருக்கமானது. குடியாத்தத்திலோ அரக்கோணத்திலோ ஒரு புள்ளியில் நிற்கும் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எழும் சண்டைகளும் பெரும்பாலும் இதே மூன்று கேள்விகள்தான்: கேட்டோமா, எத்தனை நொடி, யார் சொல்வது. அணியை நடத்துபவர்கள் நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

1. டைம் அவுட்டைப் பெஞ்சில் இருந்தபடி கத்திக் கேட்டால் அது கோரிக்கையே ஆகாது. களத்தில் ஆடும் வீரர் கேட்டாலும் ஃபிபா விதியில் செல்லாது. பயிற்சியாளர் ஸ்கோரரின் பார்வையைப் பிடித்தோ அவரிடம் போயோ கைச்சைகையோடு தெளிவாகக் கேட்க வேண்டும். இரண்டாம் பாதியில் மூன்று டைம் அவுட்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் அவற்றில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது.

2. நடுவர் விசில் ஊதிய ஒவ்வொரு முறையும் கடைசி நிமிடத்தில் ஸ்டாப்வாட்ச் காட்டும் நேரத்தை மேசையில் உரக்கச் சொல்லச் செய்வது நல்லது. பலகை இல்லாத திடலில் இரு பெஞ்சுகளுக்கும் நேரம் தெரிய வேறு வழியில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் முன் மேசை தயாரா என்று நடுவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மியூனிக்கில் 50 நொடிக் குழப்பம் வந்தது இந்த ஒரு பார்வை இல்லாததால்தான்.

3. பிழை இருப்பதாகத் தோன்றினால் அணித் தலைவர் நடுவரிடம் பேச வேண்டும். போட்டியை நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியரோ, பரிசு வழங்க வந்த பிரமுகரோ, சங்கத்துப் பொறுப்பாளரோ தீர்ப்புச் சொல்ல இடமில்லை. மரியாதைக்குரியவர் சொல்கிறாரே என்று நடுவர் தயங்கும் நிலை நம் ஊர்த் திடல்களில் அரிதல்ல.

4. முடிவை எதிர்ப்பதானால், ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் அணித் தலைவர் முதன்மை நடுவரிடம் அதைச் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் அதற்கென்று உள்ள இடத்தில் கையெழுத்திட வேண்டும். திருத்தப்படாத நேரப் பிழை, புள்ளிப் பிழை போன்றவற்றுக்குத்தான் இந்த வழி. நடுவர் ஃபவுல் கொடுத்தது சரியா தவறா என்பதற்கு இது பயன்படாது. பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் நடத்துபவர்களே தனி விதி வைத்திருப்பதும் உண்டு என்பதால், முறையீட்டை விசாரிக்கப்போவது யார், அந்தக் குழுவில் ஆடும் அணிகளின் ஊரைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்களா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.